செலக்டர் கோதண்டன் கேட்ட ரத்தப் பரிசோதனை

அடுத்த வாரத்திலிருந்து இந்த நாற்காலி உங்களுடையது. இடது பக்கம் கொஞ்சம் இறங்கும், பழகிக்கொள்ளுங்கள். ரத்தம் எடுப்பது, அனுப்புவது, முடிவைப் படிப்பது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் மறுபடி சொல்லப்போவதில்லை.

வயது முப்பதுகூட ஆகவில்லை, ஓய்வு பெறுகிறவள் மாதிரிப் பேசுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். மேற்படிப்புக்குப் போகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பீப்பாய் மாதிரிச் சுழலும் டிரம்முக்குள் தோலை ஏற்றி இறக்குகிறவர். கதவில் இருக்கும் என் பெயர்ப் பலகையைப் பார்க்க அம்மா பஸ் ஏறி வேலூர் சத்துவாச்சாரி வரை வந்தாள். ‘மரபியல் ஆலோசகர்’ என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "டாக்டருங்களுக்கே புரியாதத படிச்சுச் சொல்றவ" என்கிறாள். அவளை நான் திருத்தியதில்லை. அந்தப் பலகையைக் கழற்றும்போது ஸ்குரூவை மட்டும் பத்திரமாக எடுங்கள், பலகை எனக்கு வேண்டும்.

இந்த அறைக்கு வருகிறவர்களில் சிலர் நோயைப் பற்றிக் கேட்க வருவதில்லை. பழியை யார் தலையில் போடுவது என்று கேட்க வருகிறார்கள். மகனுக்குக் கணக்கு வராதது யார் வழி என்று கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். மருமகளின் கோபம் ரத்தத்தில் தெரியுமா என்று திமிரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். கோதண்டன் மாதிரி ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்? அதற்காகத்தான் இந்தக் கதை.

கோதண்டன் ஆம்பூரில் தோல் செலக்டர். பதப்படுத்திய தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. தோலில் ஒரு குறை தெரிந்தால் அவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது ராவா, ப்ராசஸா? மாடு உயிரோடு இருந்தபோதே வந்த குறை என்றால் ரா. பச்சைத் தோல் கொடுத்த வியாபாரி மேல் நஷ்ட ஈடு கேட்டு கிளெய்ம் போடுவார்கள். ஷாப்பில் கெட்டது என்றால் ப்ராசஸ். ஷாப் முதலாளி தலையில் விழும். இரண்டு தரப்பும் எதிரெதிரே நிற்க, நடுவில் செலக்டர் நின்று சொல்வதுதான் தீர்ப்பு. அப்படி ஆயிரக்கணக்கான தோலுக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர், ஒரு துணிப் பையோடு என் எதிரில் உட்கார்ந்தார்.

"பையன் விஷயம்மா" என்றார். "மூணாவது பையன். தினேஷ். ஷூ கம்பெனில டிசைன் போடறான். நல்ல பையன். அவன் மாமா பொண்ணத்தான் பேசி வச்சிருக்கோம். இப்ப வந்து, எனக்குப் பொண்ணுங்க மேல நெனப்பே இல்ல, ஆம்பளைங்க மேலதான்னு சொல்றான்."

"சரி சார்" என்றேன்.

"இன்னா சரி? எதுல வந்துச்சுன்னு தெரியணும்."

பையிலிருந்து தோல் துண்டுகளை எடுத்து என் மேசையில் வரிசையாகப் பரப்பினார். அடுத்த நோயாளியின் கோப்பு அடியில் போய்விட்டது.

"இது உண்ணி கடி. ரா. இது முள்ளு கீறினது. இதுவும் ரா. இது சுண்ணாம்பு ஜாஸ்தியாப் போனது. ப்ராசஸ். பாத்த ஒடனே சொல்லிடுவேன். என் பையன பாத்து மட்டும் சொல்ல முடியல. நீ ரத்தத்துல பாத்து சொல்லு. ரா-ன்னா என் பொண்டாட்டி வூட்டுக்காரங்க மேல கிளெய்ம் போடறேன். ப்ராசஸ்னா எங்க கெட்டுதுன்னு பாத்து சரி பண்ணிக்கறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு. கிளெய்ம் என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தெம்பு வந்தது. தெரிந்த பாஷை அது.

அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. "வியாபாரியும் மொதல்ல அப்டித்தான் சொல்வான்" என்று துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு வேன் வந்தது.

ஒரு குடும்பம் இல்லை, இரண்டு குடும்பங்கள். வேனின் வலது வரிசையில் கோதண்டன் தரப்பு, இடது வரிசையில் அவர் மனைவி வசந்தாவின் தரப்பு. ரத்தப் பரிசோதனை என்றால் வெறும் வயிறு என்று யாரோ சொல்லியிருந்ததால் ஒருவரும் காபிகூடக் குடிக்கவில்லை. வசந்தாவின் அண்ணன் பலராமன் குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருப்பவர். பெண்ணின் அப்பா அவர்தான். இறங்கும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்.

"எங்க ரத்தத்த மொதல்ல எடுங்க மேடம். எங்க பக்கம் சுத்தம்."

"சுத்தமா?" என்றார் கோதண்டன். "உங்க பெரியப்பா பையன் நாடகத்துல பொம்பள வேஷம் போட்டவருதான?"

"வேஷம் போட்டவருக்குப் புள்ளைங்க இருக்கு மாப்ள. உங்க சித்தப்பா கல்யாணமே பண்ணிக்கலியே, அத இன்னான்னு சொல்றது?"

எல்லாத் தலைகளும் வேனின் கடைசி சீட்டுக்குத் திரும்பின. அங்கே கோதண்டனின் சித்தப்பா மப்ளர் கட்டி உட்கார்ந்திருந்தார். சுகர் டெஸ்ட் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் நிதானமாக இரண்டு தரப்பையும் பார்த்தார்.

"உங்க ரெண்டு வூட்டையும் பாத்துட்டுத்தான்டா நான் கல்யாணம் வேணாம்னேன்."

எங்கள் மேலாளர் கண்ணாடி வழியாக வேனைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரு வேன் நிறைய வெறும் வயிறு வாசலில் நிற்பது அவருக்கு ஏதோ திருவிழா மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். "ஏதாவது ஒரு ஃபேமிலி பேக்கேஜ் போட்டு எடுத்துடேன்மா. ரிசல்ட்ல ஏதோ ஒண்ணு வரப்போவுது. அவங்களும் திருப்தியாப் போவாங்க." மாட்டேன் என்றேன். யாருக்கும் எதையும் காட்டாத பரிசோதனைக்கு ஒரு மனிதனின் நரம்பில் ஊசி குத்தக் கூடாது. உங்களுக்கும் இந்த அழுத்தம் வரும். அப்போது மரியாதையாக மறுங்கள், ஆனால் அந்த இடத்திலேயே மறுங்கள்.

எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு தினேஷை மட்டும் தனியாக அழைத்தேன். இது என் பழக்கம். யாரைப் பற்றிக் கேள்வியோ அவரிடம் முதலில் பேசுவேன். வேன் முழுக்கக் காத்திருந்தாலும் சரி.

ஒல்லியான பையன். வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கதவைச் சாத்தியதும் அவனே ஆரம்பித்தான்.

"மேடம், ஒரே ஒரு ஒத்தாச. பொறவியிலயே இப்டித்தான்னு எழுதிக் குடுத்துடுங்க. அப்பா வேற எதையும் நம்பமாட்டாரு. நீங்க எழுதினா கல்யாணம் நின்னுடும். மாமா பொண்ணு நித்யாவும் தப்பிச்சிடுவா."

எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த முதல் வேகத்தில் பேனாவைத் தொடாதீர்கள். நீங்கள் தரும் பதில் இந்த அறையை விட்டு வெளியே போனதும் யார் மேல் போய் விழும் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

"பொறவின்னு எழுதினா உங்க அப்பா யார் மேல கிளெய்ம் போடுவாரு?" என்று கேட்டேன்.

யோசித்தான். "அம்மா மேல."

"எத்தன வருஷத்துக்கு?"

விரல்விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டான்.

"பொறவி இல்லன்னு எழுதினா?"

அவன் வலது கைச் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "மறுபடியும் கூட்டிட்டுப் போவாங்க" என்றான். எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை. கையைக் காட்டச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை.

"எனக்குத் தெரிஞ்சத எல்லார் முன்னாடியும் சொல்றேன். தெரியாததத் தெரியாதுன்னும் சொல்றேன். நீங்க என்கிட்ட தனியாச் சொன்னது எதுவும் வெளிய வராது. சரியா?"

சரி என்றான். நம்பிக்கை வந்த மாதிரித் தெரியவில்லை.

பிறகு முக்கியமானவர்களை மட்டும் உள்ளே அழைத்தேன்: கோதண்டன், வசந்தா, பலராமன், மூத்த மகன் முரளி, தினேஷ். முரளி ஆம்பூரில் வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறவன்; பெரிய உடம்பு, நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தான்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒருவருக்கு யார் மேல் ஈர்ப்பு வரும் என்பதில் உடம்புக்குப் பங்கு உண்டு. ஆனால் இதற்கென்று ஒரு ஜீன் கிடையாது. பல ஜீன்கள், ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை அளவு. சேர்த்துப் பார்த்தாலும் ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கருப்பையில் இருக்கும்போது ஹார்மோன்கள் ஏதோ செய்கின்றன என்கிறார்கள், அதுவும் முழுதாகப் புரியவில்லை. வளர்ப்பு காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய நோயும் இல்லை.

"எல்லாம் தண்ணி மேடம்" என்றார் பலராமன். "தோல் ஷாப்பு கழிவு கலந்த தண்ணி. ஆம்பூர் தண்ணியக் குடிச்சா இன்னா வரும்?"

கோதண்டன் முகம் சிவந்தது. அதுவரை மகனைப் பற்றி என்ன சொன்னாலும் தாங்கியவர் இதைத் தாங்கவில்லை. "தோல் ஷாப்ப கொற சொல்லாத மச்சான். நானும் அதே தண்ணிதான். மூணு புள்ள பெத்திருக்கேன்."

"சார், தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன். "இரட்டைப் புள்ளைங்கள எடுத்துக்கோங்க. ஒரே கருவுல வந்தவங்க. ஜீன் ஒண்ணுதான். ஆனா ஒருத்தர் இப்படி, இன்னொருத்தர் அப்படின்னு நிறையப் பேர் இருக்காங்க."

"ஒரே மாட்டுத் தோல நடுவுல வெட்டின மாரி" என்றார் கோதண்டன்.

"ஆமா. எடது பக்கமும் வலது பக்கமும் ஒரே தரமா வருமா?"

"வராது" என்றார். தொழில் கேள்வி என்றதும் குரல் தெளிந்தது. "மாடு ஒரு பக்கமாப் படுத்திருக்கும். அந்தப் பக்கம் வேற மாரி இருக்கும்." சொல்லிவிட்டு அவரே அதை யோசித்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தெரிந்ததை எல்லாம் சொல்வதாக தினேஷிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால், அண்ணன்கள் அதிகம் உள்ள ஆண்களில் தன்பாலீர்ப்பு கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறது, அம்மாவின் உடம்பு ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் ஏதோ ஒரு விதத்தில் எதிர்வினை செய்வது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னேன். ‘கொஞ்சம்’ என்பதை அழுத்தித்தான் சொன்னேன். அந்தச் சொல் யார் காதிலும் விழவில்லை.

பலராமன் எழுந்தார். விரல் நேராக முரளியை நோக்கிப் போனது. "இவன்தானா?"

"மாமா, எனக்கப்புறம் அவன் வயித்துக்கு வந்தா நான் இன்னா மாமா பண்றது?" என்றான் முரளி.

"நீ மொதல்ல வந்ததாலதான?"

"நானா வந்தேன்?"

"அப்ப ரெண்டாவது பையனையும் கூப்புடு" என்றார் கோதண்டன். "அவன் வேன்ல இருக்கான். ரெண்டு பேரு மேலயும் பாதிப் பாதி போடலாம்."

இரண்டாவது மகனுக்குச் செய்தி எப்படிப் போனதோ, அவன் வேனுக்குள்ளிருந்தே கத்துவது கேட்டது: "நான் இன்னா பண்ணேன்?" முரளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பலராமன் அந்தத் தம்ளரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

இதைக் கவனியுங்கள். பல்லாயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் ஒரு செய்தியை, குடும்பம் ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆளின் கழுத்தில் மாட்டும். அதை நிறுத்துவதுதான் நம் வேலை. குரலை உயர்த்தாமல் சொன்னேன்: "யார் மேலயும் போட முடியாது. இது உங்க வீட்டப் பத்தின செய்தி இல்ல. மூத்தவனா பொறக்குறது தப்பும் இல்ல."

"அப்ப யார் மேலதான் போடறது?" என்றார் கோதண்டன். அதட்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "மனசு தாங்க மாட்டேங்குதும்மா. ஒரு எடம் காட்டு. அங்க போய்ச் சண்ட போட்டுக்கறேன்."

வசந்தா ஓரத்து நாற்காலியில் இருந்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கணவர் கேட்டதும் தலை இன்னும் குனிந்தது. அந்த அறையில் பழி தன் மேல்தான் வந்து நிற்கும் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார்.

"சார்" என்றேன், "கிளெய்ம் போடறதுக்கு முன்னாடி செலக்டர் மொதல்ல இன்னா பாப்பாரு? ராவா ப்ராசஸான்னா?"

"இல்லம்மா. கொற இருக்குதான்னு பாப்போம். இருந்தாத்தான மத்ததெல்லாம்."

சொல்ல ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. வாயைத் திறப்பதற்குள் தினேஷ் எழுந்து வந்து, வலது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கை வரை ஏற்றி, அப்பாவின் முன் மேசையில் கையை வைத்தான்.

"பா, இத பாரு. இது ராவா, ப்ராசஸா?"

முன்கையின் உட்புறத்தில், ஒரு நாணய அளவுக்கு, வட்டமாக, பளபளவென்று ஒரு தழும்பு. அதன் பக்கத்தில் இன்னொன்று.

கோதண்டன் அதைப் பார்த்தார். பிறகு மகனின் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப் போனார். திரைச்சீலையை விலக்கினார். வெளிச்சம் விழும்படி கையைத் திருப்பி, கட்டைவிரலால் ஓரத்தை லேசாகத் தடவினார். தோல் மேசையில் எப்படிச் செய்வாரோ அப்படியேதான் செய்தார்.

"சூடு" என்றார். "பழசு இல்ல."

பிறகு தோலை விளக்குகிற மாதிரியே தொடர்ந்தார்.

"உண்ணி கடிச்சா, மாடு சும்மா நின்னுது, கடிச்சுது. முள்ளு கிழிச்சா, மேயப் போச்சு, கிழிச்சுது. சூடு அப்டி இல்ல. நாலு பேரு காலக் கட்டிப் புடிச்சாத்தான் சூடு வைக்க முடியும்." திரும்பினார். "யார் யாரு புடிச்சீங்க?"

முரளி தரையைப் பார்த்தான். பலராமன் மடித்துவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"நல்லதுக்குத்தான் மாப்ள. ஒரு சாமியார் கிட்ட போனா சரியாயிடும்னு சொன்னாங்க. கோயிலுக்குப் போறோம்னுதான உங்ககிட்ட சொல்லிட்டுப் போனோம்."

"நான்தான் மஞ்ச வச்சேன்" என்றார் வசந்தா. அவர் குரலை நான் கேட்டது அப்போதுதான். "ராத்திரி எல்லாம் எரியுதுன்னான். உங்ககிட்ட சொன்னா, உன் அண்ணன் செஞ்சான்னு என்னத்தான் கேப்பீங்கன்னு சொல்லல."

கோதண்டன் மகனின் கையை விடவில்லை. தரம் சொல்லும் குரலில்தான் சொன்னார்: "மாட்டுத் தோல்ல இது ரா. ஆனா எம் பையன் கைல ராவும் இல்ல, ப்ராசஸும் இல்ல. வளத்தவன் கணக்கு. என் பேர்ல எழுதிக்கோ."

அந்த நிமிஷத்தில் கதவு திறந்தது. மப்ளர் சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எனக்கு எப்ப ரத்தம் எடுப்பீங்க? கண்ண இருட்டுது."

முதலில் தினேஷ்தான் சிரித்தான். அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு எல்லோருக்கும் ஏதோ செய்ய வேண்டும் போல ஆகிவிட்டது. முரளி ஓடிப்போய்ச் சித்தப்பாவைத் தாங்கினான். நான் அவருக்கு ரத்தம் எடுத்தேன். அன்றைக்கு அந்த இரண்டு குடும்பங்களிலிருந்தும் எடுத்த ஒரே ரத்தம் அதுதான்.

வெளியே போகும்போது கோதண்டன் மச்சானிடம் சொன்னது கேட்டது. "கல்யாணம் வேணாம் மச்சான். உம் பொண்ணு தங்கம். அதனாலதான் வேணாம்." பலராமன் வேனில் ஏறினார். கோதண்டன் ஏறவில்லை. வசந்தாவையும் தினேஷையும் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்க ஓட்டலுக்குப் போனார். பின்னாலேயே முரளியும் போனான். சேர்ந்து உட்காராமல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இட்லி சொன்னான்.

நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. மேலாளர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் தாங்கலாம், பயப்படாதீர்கள்.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை ஏகமாக இருந்தது. அவர் அண்ணனுக்கு, அதாவது கோதண்டனின் அப்பாவுக்கு, இருந்திருக்கிறது, கோதண்டனுக்கும் இருக்கிறது. அந்த வேனில் வந்தவர்களிடையே குடும்ப வழியாக இறங்குகிறது என்று நான் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான். அது யார் பக்கம் என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நித்யாவுக்குச் சென்னையில் நர்ஸ் வேலை கிடைத்தது. தினேஷ்தான் போய் ரயில் ஏற்றிவிட்டான். சித்தப்பாவை அவன்தான் பரிசோதனைக்குக் கூட்டி வருகிறான். இப்போது அரைக்கைச் சட்டை போடுகிறான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "பேசறாரு. கம்மியாப் பேசறாரு. ஆனா சாப்புட்டியான்னு கேக்கறாரு" என்பான்.

போன மாதம் கோதண்டனே வந்தார். இந்த முறை துணிப் பை இல்லை. நான் படிக்கப் போவதைத் தினேஷ் சொல்லியிருக்கிறான். இன்னா படிப்பு என்று கேட்டார். இதே மரபியல்தான், இன்னும் ஆழமாக என்றேன். தலையாட்டினார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"அப்ப அது எதுல வருதுன்னு உங்க ஆளுங்க இன்னும் கண்டுபுடிக்கலியா?"

"முழுசா இல்ல சார்."

"கண்டுபுடிச்சா எனக்குச் சொல்லும்மா" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கிளெய்முக்கு இல்ல. சும்மா தெரிஞ்சிக்கறதுக்குத்தான்."